கரும்பலகை காலியாக இருந்த காலை

எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். கை நடுங்குவது, வியர்ப்பது, நாக்கு வறள்வது என்று மரியாதையான பயங்கள் உலகத்தில் எத்தனையோ இருக்க, எனக்கு வாய்த்தது இது. நான் நம் கிளப்பில் வேலை பார்த்த காலம் முழுக்க, விமானிகள் காற்றுமானியைப் பார்த்ததைவிட என் தொண்டையைக் கவனித்ததுதான் அதிகம். நான் விக்கினால் அன்றைக்கு எங்கேயோ ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

போன மாதம் எனக்கு மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினீர்கள். ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கியவனை என்னவோ பெரியவர் மாதிரி உட்காரவைத்துப் பேசினீர்கள். முடி மட்டும்தான் முன்கூட்டியே ஓய்வு பெற்றது, மற்றதெல்லாம் இன்னும் சர்வீஸில்தான் இருக்கிறது. "சார், உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்று உங்களில் ஒருவர் கேட்டார். மரியாதைக்குக் கேட்டாரோ என்னவோ, நான் நிஜமாகவே எழுத உட்கார்ந்துவிட்டேன். அவரைத் திட்டிக்கொண்டே மற்றவர்கள் படிக்கலாம்.

உங்கள் மேஜை மேல் இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது. பொத்தானைத் தட்டினால் அறிவிப்புகள் முழ நீளத்துக்கு அச்சாகி வருகின்றன. அப்படி இருந்தும் நான் கிளம்புகிற நாள்வரை ஒவ்வொரு சாயங்காலமும் அந்தப் பழைய கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தேன். நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டது எனக்குத் தெரியும். அந்த ஒரு வரி எப்படி வந்தது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

விமானம் ஓட்டுகிறவர்களுக்குத் தரையிலிருந்து போகும் எச்சரிக்கைக்கு நோட்டாம் என்று பெயர். இன்ன இடத்தில் புதிதாகக் கோபுரம் எழும்பியிருக்கிறது, இன்ன ஓடுதளத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, இந்த வானத்தில் இன்று குண்டு பறக்கும், அதனால் நீ பறக்காதே, இப்படி. பெரிய கம்பெனி விமானங்களுக்கு இதையெல்லாம் வாங்கி வைக்கத் தனி ஆள், தனி அறை உண்டு. சொந்தக் காசில் லைசென்ஸ் எடுத்த நம் ஆட்களுக்கு? ஒரு பல் டாக்டர், ஒரு மர வியாபாரி, ஒரு லேத் பட்டறை முதலாளி. இவர்கள் யாரும் பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் நம் ஓடுதளத்திலிருந்து பெரிய விமான நிலையம்வரை போய், அங்கே பிரீஃபிங் ரூமில் கோப்பைப் புரட்டிப் படித்துவிட்டு, திரும்பி வந்து பறக்கப் போவதில்லை. அவர்களுக்காகக் காலையில் நான் பிரீஃபிங் ரூமுக்குப் போன் போடுவேன். கேட்டதைக் கரும்பலகையில் எழுதுவேன். அவர்கள் படித்துவிட்டு ஏறுவார்கள். அவ்வளவு பெரிய ஆகாயத்துக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்தது ஒரு சாக்பீஸ்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. லேத் பட்டறை முதலாளி என்றேனே, அவர்தான் சேவியர் அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி மண்ணூர்பேட்டையில் கீழே பட்டறை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. எஸ்டேட்டுக்குக் கரண்ட் விடுமுறை விடுகிற நாளில் பட்டறை ஓடாது. அன்றைக்கு அண்ணன் இங்கே வந்துவிடுவார். லேத்தில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பொருளைத் தூக்கி எறிகிற மனுஷன், விமானத்தில் ஏறினால் சின்னப் பையன் ஆகிவிடுவார். எங்கே சுற்றினாலும் தன் வீட்டுக்கு மேலே ஒரு தரம் போய் வட்டமடிக்காமல் திரும்ப மாட்டார்.

அங்கே மொட்டை மாடியில் அவருடைய மனைவி ரெஜினா அக்கா நிற்பார். கைப்பிடிச் சுவரில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்று தொங்கும். அண்ணன் இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். அக்கா கையை ஆட்டுவார். அவ்வளவுதான் சமாசாரம். கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்தும் ஒரு தம்பதி இதைச் சலிக்காமல் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமை. நான் சைக்கிளில் தெரு முனை திரும்பும்போது மணி அடித்தால் என் வீட்டில், "பால் பாக்கெட் வாங்கினீங்களா?" என்றுதான் குரல் வரும்.

அக்காவிடம் சிவப்பு ஜமக்காளம் ஒன்றும் இருந்தது. அண்ணன் வானத்தில் இருக்கும்போது பட்டறைக்கு முக்கியமான பார்ட்டி யாராவது வந்துவிட்டால், வெள்ளை விரிப்பை எடுத்துவிட்டுச் சிவப்பைத் தொங்கவிடுவார். சிவப்பு என்றால் சுற்றியது போதும், இறங்கி வீட்டுக்கு வா. "நம்ம கிளப்புக்கு கன்ட்ரோல் டவர் கிடையாது, மண்ணூர்பேட்டையில ஒண்ணு இருக்கு" என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அழப்போகிறவனும் நான்தான்.

அந்த வாரம் அண்ணன் தன் மாமியாரை அழைத்துப் போவதாக ஏற்பாடு. லூர்து அம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் குவார்ட்டர்ஸிலேயே குடும்பம் நடத்தியவர். மருமகன் லைசென்ஸ் எடுத்த புதிதில் அந்தப் பெரியவர், "நம்ம தெருவ மேலேருந்து ஒருக்கா பாத்துரணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அம்மாள் மகளோடு வந்துவிட்டார். விமானத்தில் ஏறவே மாட்டேன் என்று ஒரு வருஷமாகச் சாதித்தவர், திடீரென்று ஒருநாள், "சரி மாப்ளே, போவோம்" என்று சொல்லிவிட்டாராம். கைப்பையில் கணவருடைய மூக்குக்கண்ணாடி. தான் போட்டுக்கொள்ள இல்லை, அவர் பார்ப்பதற்கு.

ஆவடிக் குவார்ட்டர்ஸுக்குச் சற்று அப்பால்தான் ராணுவம் சுட்டுப் பழகுகிற சுடுதளம்.

இப்போது நம் பலகைக்கு வருகிறேன். சாயங்காலம் கடைசி விமானம் இறங்கியதும் பலகையைத் துடைத்துவிட வேண்டும் என்பது கிளப்பின் வழக்கம். நேற்றைய செய்தி இன்றைக்கு யாரையும் குழப்பக்கூடாது, நல்ல வழக்கம்தான். அறிவிப்பு ஒன்றும் இல்லாத நாளில் பலகையில் ஒன்றும் எழுத மாட்டோம். அதுவும் வழக்கம். இல்லாததை எப்படி எழுதுவது? இந்த இரண்டு நல்ல வழக்கங்களும் கைகோத்துக்கொண்டு ஒருநாள் நம்மைக் குழியில் தள்ளும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விசாரித்துவிட்டு ஒன்றும் இல்லை என்றாலும் பலகை காலி. இன்னும் விசாரிக்கவே இல்லை என்றாலும் பலகை காலி. பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே கறுப்பு.

அன்றைக்குக் காலையில் பிரீஃபிங் ரூம் லைன் கிடைக்கவில்லை. போட்டால் எங்கேஜ்டு, மறுபடி போட்டால் மறுபடி எங்கேஜ்டு. போன் இருந்தது பின்னறையில். சுழற்றுகிற போன், விரல் ரேகை தேய்ந்துவிடும். வெளியே விமானத்தின் இன்ஜின் சத்தம் கேட்டது. மெக்கானிக் தினமும் காலையில் ஓடவிட்டுப் பார்ப்பார், அதுவாக இருக்கும் என்று நான் சுழற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் லைன் கிடைத்தது. ஆவடிக்கு அப்பால் சுடுதளத்தில் பத்து மணியிலிருந்து பகல் ஒரு மணிவரை சுடும் பயிற்சி, அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம் என்றார்கள். முன்னறைக்கு வந்து முத்து முத்தாகப் பலகையில் எழுதினேன். அடியில் கோடுகூடப் போட்டேன். அழகு பார்க்க இரண்டடி பின்னால் வந்தபோதுதான் ஜன்னல் வழியே தெரிந்தது, விமானம் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு காக்கை நின்றுகொண்டிருந்தன.

முதல் விக்கல் அப்போது வந்தது.

மெக்கானிக்கிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மாமியார் அதிகாலையிலேயே தயாராகி விட்டாராம், அதனால் அண்ணன் சீக்கிரம் வந்துவிட்டாராம். பலகையைப் பார்த்தாராம், ஒன்றும் இல்லையாம், கிளம்பிவிட்டாராம். செம்பரம்பாக்கம் ஏரியைச் சாவகாசமாகச் சுற்றிக் காட்டிவிட்டு, வீட்டுக்கு மேலே போய்விட்டு, அங்கிருந்து நேராக ஆவடி. குவார்ட்டர்ஸ் தெருவைக் காட்டிவிட்டு அப்படியே அந்தப் பக்கமாக வட்டமடித்து வருவதாகச் சொன்னாராம். வட்டம் அடிக்கப்போகிற அந்த இடம் சுடுதளத்தின் தலைக்கு மேலே.

கடிகாரம் பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ரேடியோவில் கூப்பிடலாமே என்பீர்கள். ரேடியோவை ரிப்பேருக்குக் கழற்றி அனுப்பியிருந்தோம். ஓடுதளத்தில் துணி விரித்து, இறங்கு என்று சைகை காட்டலாம். மெக்கானிக் விரிக்கவும் செய்தார். அண்ணன் ஓடுதளத்துக்கு மேலே வந்தால்தானே பார்ப்பார்? பிரீஃபிங் ரூமுக்கு மறுபடி போட்டு, சுடுதளத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லலாம் என்று போட்டேன். எங்கேஜ்டு. சுடுகிற இடத்தில் வானத்தைப் பார்க்க ஆள் போட்டிருப்பார்கள், விமானத்தைக் கண்டால் நிறுத்திவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காணாவிட்டால் என்று விக்கல் கேட்டது.

இந்த இடத்தில், நெருக்கடியில் நிதானமாகச் செயல்பட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது என்னவென்றால், பலகைக்குத் திரும்பிப் போய், எழுதியதை அழித்துவிட்டு மறுபடி அதையே இன்னும் பெரிதாக எழுதினேன். எழுத்து பெரிதாக இருந்தால் ஆகாயத்திலிருந்து தெரியும் என்று நினைத்தேனோ என்னவோ. மெக்கானிக் என் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கிய பிறகுதான் மண்ணூர்பேட்டை மாடி ஞாபகம் வந்தது. நான் கேலி செய்த அதே கன்ட்ரோல் டவர்.

அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. எடுக்கவேண்டிய அக்கா, விமானத்தைப் பார்க்க மொட்டை மாடியில் நின்றுகொண்டிருப்பார். புருஷனுக்குக் கையசைக்கப் போனதால், புருஷனைக் காப்பாற்ற வந்த போன் காதில் விழவில்லை.

போன் பக்கத்துச் சுவரில் பென்சிலால் இன்னொரு நம்பர் எழுதியிருந்தது. அண்ணன் வீட்டுக்கு எதிர்ப்புறம் இருக்கும் கம்பெனியுடையது, அவசரத்துக்கு என்று அவரே கொடுத்தது. போட்டேன். வாட்ச்மேன் எடுத்தார்.

"அலோ, யாருபா? கம்பெனி லீவு இன்னிக்கு."

நான் ஆரம்பித்தேன். பூந்தமல்லி ஃப்ளையிங் கிளப் ஆபரேஷன்ஸிலிருந்து பேசுகிறேன், அபாயப் பகுதி பத்து மணிக்கு அமலுக்கு வருகிறது, ரேடியோ தொடர்பு இல்லை, விமானம் கிழக்கு நோக்கி வந்துகொண்டிருக்கிறது, நடு நடுவே விக்கல்.

"நைனா, காலங்காத்தால குட்ச்சிகினு கீறியா?"

இல்லை என்றேன். விக்கினேன்.

"அப்ப யாருனா பூட்டாங்களா?"

"யாரும் போகல அண்ணாத்தே."

"பின்ன இன்னாத்துக்கு அய்வுற?"

நான் அழவில்லை என்று சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.

"தோ பாரு, நீ சொல்றது ஒண்ணும் பிரியல. நான் இன்னா செய்யணும்? அத்த மட்டும் சொல்லு."

தம்பி தங்கைகளே, இத்தனை வருஷத்தில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் யாரும் இதைவிட நல்ல கேள்வி கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவர் தலையில் கொட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன். விக்கல் ஒரு நிமிஷம் வழிவிட்டது.

"எதிர் மாடியில ரெஜினா அக்கா இருக்காங்களா பாரு."

"கீறாங்க. வெள்ளத் துணி விரிச்சிகினு வானத்த பாத்துகினு கீறாங்க."

"அவங்க கிட்ட கத்திச் சொல்லு. சிவப்பு ஜமக்காளம். கிளப்லேர்ந்து சொன்னாங்கன்னு சொல்லு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ரிசீவரை மேஜைமேல் வைத்த சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. தூரத்தில் அவர் குரல்: "யம்மா, ரெஜினாம்மா, கிளப்புலருந்து போனு. செவப்பு ஜமக்காளம்ன்றாங்க." அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அதன் வழியாகவே கேட்டது, தையல் மிஷின் ஓடுகிற மாதிரி மெல்லிய சத்தம். அவ்வளவு தூரத்திலிருந்து, ஒரு கம்பி வழியாக, நம் விமானத்தின் இன்ஜின். சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"சொல்ட்டேன் நைனா."

"ஜமக்காளம் போட்டாங்களா?"

"இல்ல. இருந்த வெள்ளத் துணியையும் சுருட்டிகினு உள்ள பூட்டாங்க."

"உள்ளயா?"

"மாடில ஒரு ஆளும் இல்ல, ஒரு துணியும் இல்ல. மொட்டையா கீது."

விக்கல் திரும்பி வந்தது, சொந்தக்காரர்களையும் அழைத்துக்கொண்டு வந்தது. அக்காவுக்குச் சொன்னது புரியவில்லை, வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று கீழே இறங்கிவிட்டார் என்றே நினைத்தேன். விமானம் என்ன செய்கிறது என்று கேட்டேன். வாட்ச்மேன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"சுத்துது... மறுக்கா சுத்துது. ரொம்ப தாழ்வா வர்து நைனா, மாடில மோதிடப் போறான்... தோ, போவுது."

"எந்தப் பக்கம்? ஆவடிப் பக்கமா?"

"தெர்ல. கூரை மறைக்குது."

நன்றி சொல்லி வைத்தேனா, அப்படியே போட்டுவிட்டு ஓடினேனா, ஞாபகம் இல்லை. ஓடுதளத்தின் ஓரத்தில் போய் நின்றேன். மெக்கானிக்கும் வந்து நின்றார். என்னை எப்போதும் கேலி செய்கிற மனுஷன், அன்றைக்கு முதுகில் கை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பத்து மணி ஆகியிருந்தது. வடக்கே வெகுதூரத்தில், கதவை யாரோ மெத்தென்று சாத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இன்னொன்று. சுட ஆரம்பித்துவிட்டார்கள். நான் லூர்து அம்மாளின் கைப்பையில் இருந்த மூக்குக்கண்ணாடியைப் பற்றி நினைத்தேன். அந்த நேரத்தில் எதற்கு அது என்று கேட்காதீர்கள். நினைப்பு அதுவாக வருகிறது.

கிழக்கே, நூம்பல் பக்கத்துத் தென்னை வரிசைக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. அது கொசுவாகி, காக்கையாகி, விமானமானது. மெக்கானிக் என் முதுகிலிருந்து கையை எடுத்து, தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் இறங்கிய இறக்கத்தில் விமானம் இரண்டு தரம் குதித்தது. அவ்வளவு மோசமாக அவர் இறக்கி நான் பார்த்ததில்லை. இன்ஜின் நிற்கிறதற்குள் கதவைத் திறந்துகொண்டு குதித்து, மாமியாரை அப்படியே உட்காரவைத்துவிட்டு, என்னைத் தாண்டிப் பின்னறைக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். பலகையில் நான் எழுதியது எவ்வளவு பெரிதாக இருந்தது தெரியுமா? அதை அவர் பார்க்கவே இல்லை. போனைச் சுழற்றினார். விரல் வழுக்கி மறுபடி சுழற்றினார்.

அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"ரெஜி," என்றார். "உனக்கு ஒண்ணுமில்லல்ல? ஏன் மாடியில இல்ல நீ?"

நான் நாகரிகமாக வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. அக்காவின் குரல் ரிசீவரைத் தாண்டிக் கேட்டது. ஜமக்காளத்தைத் தெருவில் ஜெபமாலைக் கூட்டத்துக்கு இரவல் கொடுத்திருந்தாராம், இன்னும் திரும்பி வரவில்லையாம். வாட்ச்மேன் கத்தியபோது விமானச் சத்தம் கேட்டுவிட்டதாம். வேறு சிவப்புத் துணி தேடி இறங்கிப் போய் ஏற நேரம் இல்லை. வெள்ளை தொங்கினால் எல்லாம் சரி என்று அர்த்தம், அதை எடுத்தாக வேண்டும். கையைக் காட்டித் தடுத்தால், ஆசையாகக் கையாட்டுவதாக நினைத்துக்கொண்டு அவர் போய்விடுவார். அதனால் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு படிக்கட்டுக் கூரைக்கு அடியில் போய், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

"நான் இல்லாத மாடியத் தாண்டி நீங்க போவ மாட்டீங்கன்னு தெரியும்," என்றார் அக்கா.

அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார். அப்போதுதான் முன்னறைப் பலகையில் இருந்ததை, வாசலில் நின்றுகொண்டு லூர்து அம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது எங்கள் காதில் விழுந்தது. படித்து முடித்துவிட்டுப் பின்னறைக்கு வந்தார். மருமகன் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, காலைல இந்தப் பலகை காலியாத்தான இருந்துச்சு? காலின்னதும் கெளம்பிட்டிய. மாடி காலின்னதும் திரும்பிட்டிய. அது என்ன கணக்கு?"

அவர் குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அண்ணன் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"மாடியில அவ எப்பவும் இருப்பா அத்தை. இல்லன்னா ஏதோ ஆயிருச்சுன்னு அர்த்தம். பலகைல..." என்று என்னைப் பார்த்தார். முடிக்கவில்லை.

முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பலகையில் எப்போதும் யாரும் இருந்ததில்லை. அறிவிப்பு இருந்தால் நாங்களும் பலகையில் இருப்போம், இல்லாவிட்டால் இல்லை. அதனால் நாங்கள் இல்லாதது யாருக்கும் ஒரு செய்தியாகப் படவில்லை.

அன்று சாயங்காலம் பலகையைத் துடைத்துவிட்டு, ஈரம் காய்ந்ததும் நான் எழுதினேன்: "இன்னும் விசாரிக்கவில்லை." மறுநாள் காலையில் போன் பேசிய பிறகு அதை அழித்துவிட்டு, "விசாரித்தாகிவிட்டது, இன்று ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கீழே என் பெயரையும் போட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பலகை ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. நீங்கள் சிரித்த அந்தச் சாயங்கால வரி இப்படித்தான் வந்தது.

அண்ணன் அடுத்த கரண்ட் விடுமுறைக்கு மாமியாரை மறுபடி அழைத்து வந்தார். ரேடியோவும் ரிப்பேராகி வந்திருந்தது. லூர்து அம்மாள் பலகையைத் தானே படித்தார். என் பெயரைக் காட்டி, "இது நீங்கதான?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகுதான் ஏறினார். திரும்பி வந்தபோது கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி உள்ளே வைத்தார். தெரு தெரிந்ததா என்று கேட்டேன். "அவரு நட்ட முருங்கை நிக்குது," என்றார். எனக்கு விக்கல் வந்தது, பயத்தில் இல்லாமல் வந்த ஒரே விக்கல் அது.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியது. உங்கள் கம்ப்யூட்டர் ஒன்றும் காட்டாத நாள் வரும். ஒன்றும் இல்லாததால் காட்டவில்லையா, லைன் அறுந்து போனதால் காட்டவில்லையா என்று திரையைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. அந்தப் பல் டாக்டரும் மர வியாபாரியும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தெரியாவிட்டால் இன்னும் தெரியாது என்று எழுதிப் பெயர் போடுங்கள். தெரிந்தால் தெரிந்ததையெல்லாம் கொட்டாமல், அவர் இன்னா செய்யணும் என்பதைச் சொல்லுங்கள். பயம் வந்தால் வரட்டும். விக்கிக்கொண்டே வேலை பார்க்கலாம், நான் பார்த்தேனே.

சேவியர் அண்ணன் இப்போது பறப்பதில்லை. கண் பார்வை லைசென்ஸுக்குப் போதவில்லை. பட்டறையை வேறு ஆளுக்கு விட்டுவிட்டு, சாயங்காலத்தில் இரண்டு பேரும் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மேலே ஏதாவது விமானம் போனால் அண்ணன் அது என்ன ரகம் என்று அக்காவுக்குச் சொல்வார். அக்கா பாதி நாள் கேட்டுக்கொள்வதில்லை.

நான் காட்டுப்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் போகும்போது பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்த மாடியைப் பார்ப்பேன். ஆள் தெரிந்தால் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். மாடி காலியாக இருந்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, நடந்து வந்து கதவைத் தட்டுவேன். இதுவரைக்கும் தட்டிய போதெல்லாம் அக்காதான் திறந்தார். விக்கிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்.